கொசு தேடும் தொட்டில்

கிராஞ்சி ஆற்றின் முகத்துவாரத்தில் 1975 ஆம் ஆண்டு அணை கட்டப்பட்டது. உவர்நீர் ஏறி இறங்கிய இடம் நன்னீர்த் தேக்கமாயிற்று. அதன் கரையில் நிற்கும் நமக்கு, கொசுக்களெல்லாம் இங்கேதான் பிறக்கின்றன என்று தோன்றக்கூடும். உண்மை வேறு. டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, அலை புரண்டு மீன் உலவும் பெருநீரை நாடுவதில்லை. நம் வீட்டுப் பூச்சாடியையே நாடுகிறது.

பெண் கொசுவே நம்மைக் கடிக்கிறது. அதன் முட்டைகள் முதிர்வதற்குக் குருதியின் சத்து தேவை. முட்டைகள் முதிர்ந்ததும் அது இடம் தேடிப் புறப்படும். எல்லாக் கொசுக்களும் ஒரே இடத்தை விரும்புவதில்லை. யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ், சாக்கடை போன்ற அழுக்கு நீரின்மேல் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டிச் சிறு தெப்பம்போல் மிதக்கவிடும். மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ், முட்டைகளைத் தனித்தனியே நீர்ப்பரப்பில் இடும்.

அனோபிலிசிலும் பல இனங்கள் உள. இதனை அறியாமையால் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் நம் முன்னோர் பலர் உயிரிழந்தனர். 1897 ஆம் ஆண்டில் ரொனால்ட் ராஸ் செக்கந்தராபாத்தில், மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டறிந்தார். அதன்பின் மருத்துவர் மால்கம் வாட்சன் மலாயாவில் நோய்த் தடுப்பில் இறங்கினார். சமவெளியில் காட்டை அழித்து நீரை வடித்தபோது மலேரியா தணிந்தது. ஆனால் மலைச்சாரலில் காட்டை அழித்தபோது அது பெருகிற்று! காரணம் என்ன? சமவெளிக் கொசு நிழல் படிந்த சதுப்பு நீரில் முட்டையிடுவது. மலைச்சாரல் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடையை விரும்புவது. மரங்களை வெட்டியதால் ஒன்றன் தொட்டில் அழிந்தது. மற்றொன்றுக்குப் புதுத் தொட்டில் கிடைத்தது. ஆகவே மலைப்பகுதிகளில் ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய்கள் வழியே செலுத்தினர். சிங்கப்பூரிலும் இத்தகைய பணிகள் நடைபெற்றன. 1982 ஆம் ஆண்டில் சிங்கப்பூர் மலேரியா அற்ற நாடு என உலகச் சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது.

ஆயினும் ஏடிஸ் நம்மை விட்டபாடில்லை. 2020 ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரில் 35,000க்கும் மேற்பட்டோர் டெங்கிக் காய்ச்சலுக்கு ஆளாயினர். இக்கொசு இடம் தேடும் விதம் வியப்புக்குரியது. கருநிறப் பாத்திரத்தைக் கண்ணால் தேர்கிறது. இலை மக்கிய நீரின் வாடையை உணர்கொம்புகளால் அறிகிறது. நீரின் உப்புச் சுவையைக் காலாலேயே உணர்கிறது. பின்னர், நீரில் அன்று, நீர்மட்டத்திற்குச் சற்று மேலே பாத்திரத்தின் ஈரச் சுவரில் முட்டைகளை ஒட்டுகிறது. எல்லாவற்றையும் ஓரிடத்தில் இடாமல் பல பாத்திரங்களில் பகிர்ந்து இடுவதும் உண்டு. ஒன்று அழிந்தாலும் மற்றவை பிழைக்குமன்றோ?

இம்முட்டைகள் நீர் வற்றினாலும் மாதக் கணக்கில் உலர்ந்தபடியே உயிரோடிருக்கும். மீண்டும் நீர் ஏறி மூழ்கியதும் பொரிக்கும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் கொசுவாகிப் பறக்கும். ஆகவே பூச்சாடியின் நீரை மாற்றினால் மட்டும் போதாது. உட்சுவரை நன்றாகத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும்.

கொசுவின் இவ்விருப்பத்தையே அதற்குப் பொறியாக்கியுள்ளனர் சிங்கப்பூர் அறிவியலாளர். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நடைவழியில் கறுப்பு நிற உருளைகளை நாம் காண்கிறோமல்லவா? முட்டையிட வரும் கொசு, அதனுள்ளே பூசிய பசையில் ஒட்டிக்கொள்ளும். அவற்றை நாம் தொடாமலும் அகற்றாமலும் இருப்போமாக.

பெற்றோர்களே, தோட்டத் தொழிலாளத் தோழர்களே! பூந்தொட்டியின் அடித்தட்டு, வாளி, பழைய டயர், பால்வெட்டு ஓய்ந்த மரத்தில் கவிழ்க்காமல் விட்ட மங்கு ஆகிய அனைத்தும் ஏடிஸ் இனக் கொசுக்களுக்குத் தொட்டில்களே. மாணவர்களே! வாரம் ஒருமுறை வீட்டைச் சுற்றி வாருங்கள். தேங்கிய நீரைக் கொட்டுங்கள், பாத்திரத்தைத் தேயுங்கள், கவிழ்த்து வையுங்கள். அத்தொட்டில்களை நாம் ஒழித்தால், நம் வீட்டுத் தொட்டிலில் உறங்கும் குழந்தை நலமாக வளரும்.