நிலைத்த ஜனநாயகமும் நாட்டின் வளர்ச்சியும்

முப்பது நாள் தவணையில் சரக்குக் கொடுக்கும் மொத்த வியாபாரி எதை நம்பிக் கொடுக்கிறார்? வாங்குபவரின் நாணயத்தை நம்பி என்போம். அது பாதிதான். முப்பது நாள் கழித்து வரும் பணத்துக்கு இன்றுள்ள மதிப்பு ஏறக்குறைய இருக்கும். இடையில் கடையைப் பூட்டச் சொல்லி எவரும் வரமாட்டார். வந்தாலும் முறையிட ஒரு நீதிமன்றம் உண்டு என்பதையும் சேர்த்தே நம்புகிறார். இந்த இரண்டாவது நம்பிக்கையைத் தருவது நாட்டின் ஆட்சிமுறை. அது கண்ணுக்குத் தெரிகிற சரக்கு அல்ல. ஆகவே இருக்கும்வரை நாம் அதை எண்ணிப் பார்ப்பதில்லை.

"ஜனநாயகம் சோறு போடுமா? கண்டிப்பான ஒருவர் பத்து வருடம் ஆண்டால் நாடு தானே முன்னேறும்" என்ற பேச்சு வணிகர்களாகிய நம்மிடையே அடிக்கடி எழுகிறது. நியாயமான கேள்விதான். இதற்கு விடை காண ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் எல்லைக்கோடு ஒன்றால் பிரிந்து கிடக்கும் இரு நாடுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று போட்ஸ்வானா, மற்றது ஜிம்பாப்வே.

வெறுங்கையோடு தொடங்கிய நாடு

போட்ஸ்வானா 1966 செப்டம்பர் 30-ல் ஆங்கிலேயரிடமிருந்து விடுதலை பெற்றது. பெரும்பகுதி கலஹாரிப் பாலைநிலம். கடல் இல்லை. மக்கள்தொகை சில லட்சம். நாடு முழுவதிலும் சுமார் 12 கிலோமீட்டர் தார்ச்சாலைதான் இருந்தது. பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்கள் 22 பேர். ஆங்கிலேயர் அந்நாட்டை நிர்வகித்த அலுவலகம்கூட அந்நாட்டுக்குள் இல்லை. தென் ஆப்பிரிக்காவின் மாபெகிங் ஊரில் இருந்தது. தலைநகர் காபரோனைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. மாட்டிறைச்சியே முக்கிய ஏற்றுமதி. உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று என்று கணக்கெழுதப்பட்ட நாடு அது.

அடுத்த ஆண்டே, 1967-ல், ஒராபா என்னுமிடத்தில் வைரம் கண்டுபிடிக்கப்பட்டது. 'வைரம் கிடைத்தால் யார்தான் முன்னேற மாட்டார்' என்று சொல்லத் தோன்றும். பக்கத்திலேயே ஜயர் நாடு இருந்தது. இன்று அது காங்கோ. செம்பு, கோபால்ட், வைரம் எல்லாம் அங்கே ஏராளம். மொபுட்டு 1965 முதல் 1997 வரை 32 ஆண்டுகள் தனியொருவராக ஆண்டார். அவர் ஓடிப்போனபோது நாட்டில் சாலையும் இல்லை, கஜானாவில் பணமும் இல்லை. ஆகவே புதையல் கிடைப்பது மட்டும் போதாது. சாவி யாரிடம் இருக்கிறது, கணக்கு யாரிடம் காட்டப்படுகிறது என்பதே கேள்வி.

போட்ஸ்வானாவின் முதல் குடியரசுத் தலைவர் செரெட்சே காமா, நாட்டின் பெரிய குலமொன்றின் தலைமைக்குப் பிறந்தவர். வைரம் கிடைத்த ஒராபா அந்தக் குலத்தாரின் நிலத்திலேயே இருந்தது. ஆயினும் கனிவளம் எந்தக் குலத்துக்கும் உரியதல்ல, அரசுக்கே உரியது என்று 1967-ல் சட்டமாயிற்று. சுரங்கம் நடத்திய டி பியர்ஸ் நிறுவனத்தோடு பேரம் பேசி, தொடக்கத்தில் 15 சதவீதமாக இருந்த அரசின் பங்கை 1970-களின் நடுவில் 50 சதவீதமாக உயர்த்தினர். வந்த பணம் ஐந்தாண்டுத் திட்டங்கள் வழியாக, நாடாளுமன்ற ஒப்புதலுடன், சாலை, பள்ளி, மருத்துவமனை, குடிநீர் என்று செலவிடப்பட்டது. 1994-ல் வருங்காலத்துக்கான சேமிப்பாக 'பூலா நிதி' ஏற்படுத்தப்பட்டது. நல்ல விளைச்சல் ஆண்டில் வந்த லாபத்தை முழுதும் செலவழிக்காமல் ஒதுக்கி வைக்கும் பழைய கடைக்காரரின் வழக்கம்தான் இது.

இந்தப் பழக்கத்துக்கு ஊர்மட்டத்திலும் வேர் இருந்தது. 'கோட்லா' என்ற ஊர்ச்சபையில் தலைவர் அமர்ந்திருக்க, சாதாரணக் குடிமகனும் எழுந்து அவரை விமரிசிக்கலாம். மக்களால்தான் தலைவர் தலைவராகிறார் என்பது அவர்கள் பழமொழி. புதிய நாடாளுமன்றம் இந்தப் பழைய வழக்கத்தின் மேல் கட்டப்பட்டது.

வறட்சியும் ஊழலும் வந்தபோது

நல்ல காலத்தில் எல்லா ஆட்சியும் நல்ல ஆட்சியாகவே தோன்றும். சோதனை கெட்ட காலத்தில்தான். 1982 முதல் 1987 வரை போட்ஸ்வானாவில் தொடர் வறட்சி. விளைச்சல் அழிந்தது, மாடுகள் மடிந்தன. ஆனால் பஞ்சச் சாவு நேரவில்லை. அரசு கிராமங்களில் வேலை கொடுத்துக் கூலியைப் பணமாகக் கொடுத்தது; குழந்தைகளுக்கு உணவு கொடுத்தது. அந்தக் கூலிப்பணம் ஊர்க் கடைகளுக்குச் சென்றது. கடைக்காரர்கள் தானியம் வரவழைத்தனர். அடுத்த தேர்தலில் இந்த மக்களிடமே வாக்குக் கேட்டுப் போக வேண்டும் என்ற நிலை இருந்தால் பட்டினியை மறைத்து வைக்க முடியாது. நம் நாட்டிலும் 1943-ல் வங்காளப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் மாண்டனர். விடுதலைக்குப் பின் அத்தகைய பெரும் பஞ்சம் இங்கு வரவில்லை என்பதைப் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் சுட்டிக்காட்டியிருக்கிறார்.

ஊழல் அங்கே இல்லாமல் இல்லை. காபரோனை அடுத்த பகுதிகளில் நில ஒதுக்கீட்டு முறைகேடு வெளிப்பட்டது. விசாரணைக் குழு அறிக்கை தந்தது. 1992-ல் துணைக் குடியரசுத் தலைவரே பதவி விலக நேர்ந்தது. 1994-ல் ஊழல் தடுப்புக்குத் தனி அமைப்பு சட்டப்படி ஏற்பட்டது. எந்தக் கடையிலும் கணக்கில் பிழை வரலாம். அதைக் கண்டுபிடிக்கவும் கேட்கவும் வழி இருக்கிறதா என்பதே முக்கியம்.

முன்னணியில் தொடங்கிய நாடு

ஜிம்பாப்வேயின் தொடக்கம் இதற்கு நேர்மாறு. 1980 ஏப்ரல் 18-ல் விடுதலை பெற்றபோது அங்கே ரயில் பாதை, தொழிற்சாலைகள், புகையிலை, மக்காச்சோளம் எல்லாம் இருந்தன. முதல் பத்தாண்டில் கல்வியும் மருத்துவமும் நன்கு பரவின. ஆனால் அதே பத்தாண்டில் மட்டபெலேலாந்து பகுதியில் படையை ஏவி ஆயிரக்கணக்கான மக்கள் கொல்லப்பட்டனர். 1987-ல் எதிர்க்கட்சி ஆளுங்கட்சியில் இணைக்கப்பட்டது. ராபர்ட் முகாபே முழு அதிகாரம் கொண்ட குடியரசுத் தலைவரானார். 1990 தேர்தலில் 120 இடங்களில் 117 ஆளுங்கட்சிக்கே போயின. தேர்தல் நடந்தது, கேள்வி கேட்க ஆள் இல்லை.

கேள்வி இல்லாத இடத்தில் செலவு எப்படிப் போகும் என்பது நமக்குத் தெரியும். 1997-ல் விடுதலைப் போர் வீரர்களுக்கு வரவுசெலவுத் திட்டத்தில் இடமில்லாத பெருந்தொகை அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 14-ல் ஒரே நாளில் நாட்டின் பணம் தன் மதிப்பில் பெரும்பகுதியை இழந்தது. 1998-ல் காங்கோ போருக்குப் படை அனுப்பப்பட்டது. 2000-ல் பொது வாக்கெடுப்பில் அரசு தோற்றதும் பண்ணைகள் பலவந்தமாகக் கைப்பற்றப்பட்டன. சிறுபான்மை வெள்ளையரிடம் நல்ல நிலம் குவிந்திருந்தது அநீதிதான். அதைச் சட்டப்படி சரிசெய்திருக்கலாம். நடந்ததோ வேறு. சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி 2001-ல் மிரட்டலுக்குப் பின் பதவியை விட நேர்ந்தது.

வணிகர்கள் மறக்கக்கூடாத ஆண்டு 2007. பணத்தை அச்சடித்ததால் ஏறிய விலைக்கு வியாபாரிகளே காரணம் என்று சொல்லி, எல்லாப் பொருள்களின் விலையையும் பாதியாகக் குறைக்க அவ்வாண்டு ஜூனில் அரசு ஆணையிட்டது. மறுத்தவர்களும் தாமதித்தவர்களுமாக ஆயிரக்கணக்கான வியாபாரிகள் கைது செய்யப்பட்டனர். அடக்க விலைக்கும் கீழே விற்ற சரக்கு சில நாளில் தீர்ந்தது. மறுகொள்முதலுக்கு முதல் இல்லை. கடைத் தட்டுகள் காலியாயின. சர்க்கரை, எண்ணெய், மாவு வாங்க மக்கள் எல்லை தாண்டிப் போட்ஸ்வானாவின் பிரான்சிஸ்டவுனுக்குப் போனார்கள். ஒரு காலத்தில் அண்டை நாடுகளுக்குத் தானியம் விற்ற நாடு அது.

2008 ஜூலையில் பணவீக்கம் 23 கோடி சதவீதத்தைத் தாண்டியதாக அரசே அறிவித்தது. 2009 ஜனவரியில் நூறு லட்சம் கோடி டாலர் நோட்டு வெளியாயிற்று. சில மாதங்களில் அந்தப் பணமே கைவிடப்பட்டு அமெரிக்க டாலர் புழக்கத்துக்கு வந்தது. வங்கியில் சேமித்தவர், ஓய்வூதியத்தை நம்பியவர், கடனுக்குச் சரக்குக் கொடுத்தவர் அனைவரும் ஒருசேர ஓட்டாண்டி ஆயினர். நாணயம் என்ற சொல்லுக்கு நம் மொழியில் பணம் என்றும் நேர்மை என்றும் இரு பொருள் உண்டு. அங்கே இரண்டும் சேர்ந்தே போயின. முகாபேயைக் கடைசியில் 2017-ல் இறக்கியது வாக்குச்சீட்டு அல்ல, ராணுவம்.

சிங்கப்பூர், கொரியா என்று கேட்டால்

கண்டிப்பான ஆட்சியில் வளர்ந்த நாடுகளும் உண்டே என்று அன்பர்கள் கேட்பார்கள். உண்மைதான். சிங்கப்பூரில் 1959 முதல் ஒரே கட்சியின் ஆட்சி. ஆனால் அங்கே நீதிமன்றத்தில் ஒப்பந்தம் செல்லும். கணக்கு தணிக்கை ஆகும். தென் கொரியா ராணுவ ஆட்சியில் வளர்ந்தது. ஆனால் வளர்ந்த மக்களே 1987-ல் தெருவுக்கு வந்து நேரடித் தேர்தலைக் கேட்டுப் பெற்றனர். நல்ல சர்வாதிகாரி கிடைப்பது நல்ல கணக்கப்பிள்ளை தற்செயலாக வாய்ப்பது போன்றது. அவருக்குப் பின் யார் என்ற கேள்விக்கு அந்த முறையில் பதில் இல்லை. மொபுட்டுவும் முகாபேயும் கண்டிப்பானவர்களே.

போட்ஸ்வானாவையும் நாம் தலைமேல் தூக்கி வைக்கத் தேவையில்லை. ஏற்றத்தாழ்வு மிக அதிகமான நாடுகளில் அதுவும் ஒன்று. வைரத்தையே நம்பி, வேறு தொழில்களைப் போதுமான அளவு வளர்க்காமல் விட்டார்கள். ஆய்வகத்தில் செய்யும் வைரம் சந்தைக்கு வந்ததும் 2023, 2024-ல் விற்பனை சரிந்து, வேலையின்மை பெருகியது. விடுதலை முதல் 58 ஆண்டுகள் ஒரே கட்சி ஆண்டதும் குறைதான். ஆனால் 2024 அக்டோபர் 30 தேர்தலில் மக்கள் அந்தக் கட்சியை 4 இடங்களுக்குக் குறைத்தனர். எண்ணிக்கை முழுவதும் முடியும் முன்பே குடியரசுத் தலைவர் மசிசி தோல்வியை ஒப்புக்கொண்டார். நவம்பர் 1-ல் டூமா போக்கோ பதவியேற்றார். ஒரு கடையும் சூறையாடப்படவில்லை; பணத்தின் மதிப்பு ஒரே நாளில் கரையவில்லை. வியாபாரம் கெட்டிருந்தது; நிர்வாகத்தை மாற்ற வழி கெடவில்லை.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

தேர்தல் நடப்பது மட்டும் ஜனநாயகம் ஆகாது. ஜிம்பாப்வேயிலும் தேர்தல் நடந்தது. கணக்குக் கேட்கும் நாடாளுமன்றம், ஆளுங்கட்சிக்கு எதிராகவும் தீர்ப்புச் சொல்லும் நீதிமன்றம், தவறை எழுதும் பத்திரிகை, தோற்றால் இறங்கிப்போகும் பழக்கம் இவை நான்கும் பல ஆண்டுகள் தொடர்ந்து இருந்தால்தான் ஜனநாயகம் நிலைத்தது எனலாம். ஒரு நாளில் இவை வருவதில்லை. ஆனால் ஒவ்வொன்றாக இழக்க முடியும். முதலில் இழப்பவர் யாரோ எதிர்க்கட்சிக்காரர் என்று நாம் இருந்துவிட்டால், கடைசியில் பூட்டு நம் கடைக்கு வரும்.

வரி குறைந்தால் நல்ல அரசு, கூடினால் கெட்ட அரசு என்று மட்டும் அளப்பதை நாம் விட வேண்டும். கட்டிய வரிக்குக் கணக்கு வருகிறதா என்று கேட்பதே வணிகனுக்கு அழகு. அந்தப் பழக்கத்தை நம் சங்கத்திலிருந்தே தொடங்கலாம். பொதுக்குழுவில் வரவு செலவு வாசிக்கும்போது எழுந்து வெளியே போகாமல் உட்கார்ந்து கேட்போம். சந்தேகம் இருந்தால் கேள்வி எழுப்புவோம். கேட்டவரைப் பகையாக எண்ணாதிருப்போம். பொறுப்பில் இருப்போர் காலம் முடிந்ததும் அடுத்தவரிடம் சாவியை முகம் கோணாமல் கொடுப்போம். ஊர்ச்சபையில் பழகியதைத்தான் அந்தச் சின்ன நாடு தலைநகரிலும் செய்து காட்டியது.