ஞாயிறு மணியும் பிடியரிசியும் எங்கிருந்து வந்தன?

தென் மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து வாசகர்கள் சிலர், தங்கள் ஊர்க் கோயில் பழக்கங்கள் எப்படிப் பிறந்தன என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். வாராவாரம் செய்கிற காரியங்களைப் பற்றிய கேள்விகள் என்பதால், இந்த இதழில் அவற்றை ஒன்றாகத் தொகுத்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: யூதர்களின் ஓய்வுநாள் சனிக்கிழமை. இயேசுவும் சீடர்களும் யூதர்கள்தானே? பிறகு கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடுவது ஏன்? (சாத்தான்குளம் வாசகர்)

பதில்: இயேசு உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாளில் என்கின்றன நான்கு சுவிசேஷங்களும். அந்த நாளை நினைத்தே முதல் நூற்றாண்டுச் சபையார் கூடத் தொடங்கினார்கள். சுமார் 112-ஆம் ஆண்டில் பித்தினியா நாட்டு ரோம ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் ஒரு குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடிப் பாடுகிறார்கள் என்று தெரிவிக்கிறார். விடியுமுன் ஏன்? அப்போது ஞாயிறு விடுமுறை நாள் அல்ல. சபையில் அடிமைகளும் கூலிக்காரர்களும் இருந்தார்கள். பொழுது விடிந்தால் எசமான் வீட்டு வேலைக்குப் போயாக வேண்டும்.

ஞாயிறு விடுமுறையானது 321-ஆம் ஆண்டில். பேரரசர் கான்ஸ்டன்டைன் நீதிமன்றங்களுக்கும் நகரத்தாருக்கும் பட்டறைகளுக்கும் அன்று ஓய்வு என்று ஆணையிட்டார். விவசாயிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. பருவம் தவறினால் பயிர் போய்விடும் என்பதை அந்த ஆணையே சொல்கிறது. உங்கள் பக்கத்துப் பனையேறிக் குடும்பங்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். பதநீர்க் காலத்தில் பாளை சீவாமல் ஒரு நாள்கூட விட முடியாது. மரம் ஏறி இறங்கி, குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தவர்களே உங்கள் பகுதிச் சபைகளைக் கட்டியெழுப்பினார்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் மணியடித்து மக்களைக் கூட்டும் வழக்கம் யார் தொடங்கியது? (மணப்பாடு வாசகி)

பதில்: கேள்வி மணப்பாட்டிலிருந்தே வந்திருப்பது பொருத்தம். 1542-இல் மணப்பாடு உள்ளிட்ட முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்து சிறுவர்களையும் பெரியவர்களையும் அழைத்ததாக 1544-இல் எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். ஞாயிறுதோறும் ஆண், பெண், சிறுவர், முதியவர் எல்லோரையும் ஒரே இடத்தில் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தர் கற்பித்த ஜெபத்தையும் பத்துக் கட்டளைகளையும் தமிழில் சொல்ல வைத்தார். தமிழ் அறிந்தவர்களின் துணையோடு அவற்றை மொழிபெயர்த்து அவரே மனப்பாடம் செய்திருந்தார்.

அவர் செய்த இன்னொரு காரியம் இன்னும் முக்கியமானது. ஓர் ஊரை விட்டுப் போகும்போது, அவ்வூர் ஆள் ஒருவரைக் கணக்கப்பிள்ளையாக நியமித்து, ஜெபம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை அவரிடம் விட்டார். குருவானவர் மாதத்துக்கு ஒருமுறை வந்தாலும் சபை வாரந்தோறும் கூடுவதற்கு ஊர்க்காரர் ஒருவர் வேண்டும் என்ற ஏற்பாட்டின் தொடக்கம் அது. பின்னாளில் சீர்திருத்தச் சபைகளில் இந்த வேலையை உபதேசியார் செய்தார். காலை மாலை ஜெபம், பள்ளிக்கூடம், நோயாளி வீடு, சாவு வீடு எல்லாம் அவர் பொறுப்பு. நம் சிற்றூர்ச் சபைகளின் வரலாற்றில் பெயர் அச்சேறாமல் உழைத்தவர்களில் முதல் இடம் உபதேசியாருக்கே.

கேள்வி: எங்கள் கோயிலில் ஒரு பாட்டு ஆங்கில இராகத்தில் இருக்கிறது, அடுத்தது ஆனந்தபைரவியில் இருக்கிறது. இந்தக் கலப்பு எப்படி வந்தது? (பாளையங்கோட்டை வாசகர்)

பதில்: இரண்டு ஓடைகள் வந்து சேர்ந்திருக்கின்றன. முதலாவது தரங்கம்பாடியிலிருந்து வந்தது. 1706-இல் அங்கே இறங்கிய சீகன்பால்க் முதலான லுத்தரன் குருமார் ஜெர்மானியப் பாட்டுகளை அவற்றின் மெட்டோடு தமிழாக்கினார்கள். பின்வந்த லுத்தரன் குருவான பெப்ரிசியுஸ் அந்த வேலையைப் பெரிதாக வளர்த்தார். ஞானப்பாட்டு, பாமாலை என்று நாம் பாடுவதில் ஒரு பகுதி அந்த வழியில் வந்தது. ஆங்கிலேய மிஷன்கள் பிறகு தங்கள் மெட்டுகளைச் சேர்த்தன.

இரண்டாவது ஓடை தஞ்சாவூரில் ஊற்றெடுத்தது. 1774-இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியாரைச் சிறுவயதிலேயே மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சைக்கு அழைத்துப் போனார். பின்னாளில் மன்னரான சரபோஜி அவரோடு படித்தவர். சாஸ்திரியார் கர்நாடக இராகங்களிலும் நாட்டு மெட்டுகளிலும் கீர்த்தனைகள் இயற்றினார். குறவஞ்சி என்ற தமிழ் வடிவத்தை எடுத்துப் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் இந்தக் கீர்த்தனைகளைத் தேடித் தொகுத்து 1853-இல் அச்சிட்ட பிறகு, அவை ஊர் ஊராகப் பரவின. எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சிமார்கூடக் கீர்த்தனைகளை அடி பிசகாமல் பாடினார்கள். காதால் கேட்டுக் கற்கத் தோதான பல்லவியும் சரணமும் அவற்றுக்கு இருந்ததே காரணம். பாடகர் குழுவில் வயலினும் மிருதங்கமும் இன்னும் இருக்கிற சபையார் அவற்றைக் கைவிட வேண்டாம்.

கேள்வி: ஓய்வுநாள் பள்ளி பைபிள் கதை சொல்லத்தான் தொடங்கப்பட்டதா? (நாசரேத் வாசகி)

பதில்: எழுத்துக் கற்றுக்கொடுக்கத் தொடங்கப்பட்டது. இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் குண்டூசித் தொழிற்சாலைகளில் குழந்தைகள் ஆறு நாளும் வேலை செய்தார்கள். ஞாயிறு ஒன்றுதான் அவர்களுக்கு ஓய்வு. பத்திரிகை நடத்திவந்த ராபர்ட் ரெய்க்ஸ் 1780-இல், சம்பளத்துக்கு ஆசிரியைகளை வைத்து, அந்த ஒரு நாளில் அவர்களுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். பாடநூல் பைபிள். கோடை விடுமுறையில் நடக்கும் வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகமப் பள்ளியும் அப்படிப்பட்ட அக்கறையில் பிறந்ததே. 1898-இல் நியூயார்க்கின் நெரிசலான பகுதியில் தெருவில் அலைந்த குழந்தைகளைக் கண்ட எலைசா ஹாஸ் என்ற அம்மையார், ஒரு மதுக்கூடத்தை வாடகைக்குப் பிடித்து அதில் வகுப்பு நடத்தினார்.

திருநெல்வேலிச் சீமையில் பல ஊர்களில் ஜெபவீடும் பள்ளிக்கூடமும் ஒரே ஓலைக் கூரையின்கீழ் இருந்தன. ஞாயிறு பிரசங்கம் நடந்த இடத்தில் திங்கட்கிழமை அரிச்சுவடி ஒலித்தது. தலைமுறை தலைமுறையாகப் படிப்பு மறுக்கப்பட்ட குடும்பங்களில் முதல் கையெழுத்து அங்கே பிறந்தது.

கேள்வி: காணிக்கைப் பையும், பெண்கள் கொண்டுவரும் பிடியரிசியும் ஒன்றா? (மெஞ்ஞானபுரம் வாசகி)

பதில்: நோக்கம் ஒன்று, வழி வேறு. ஞாயிறு காணிக்கைக்கு மிகப் பழைய சாட்சிகளில் ஒன்று, சுமார் 155-இல் ரோமில் வாழ்ந்த ஜஸ்டின் என்ற இரத்தசாட்சி எழுதிய விவரம். ஊரிலும் நாட்டுப்புறத்திலும் இருப்போர் ஞாயிறன்று ஓரிடத்தில் கூடுகிறார்கள். அப்போஸ்தலரின் எழுத்துகளோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளோ வாசிக்கப்படுகின்றன. தலைவர் புத்தி சொல்கிறார். எல்லோரும் எழுந்து ஜெபிக்கிறார்கள். அப்பமும் இரசமும் பகிரப்படுகின்றன. வர முடியாதவர்களுக்கு அவர்கள் பங்கை உதவிக்காரர்கள் வீட்டுக்கே கொண்டுபோகிறார்கள் என்கிறார். வசதியுள்ளவர்கள் மனமுவந்து கொடுத்தது திக்கற்றவர்களுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்போருக்கும் வழிப்போக்கருக்கும் செலவிடப்பட்டது. நம் ஞாயிறு ஆராதனையின் ஒழுங்கு முழுதும் அந்த ஒரு பத்தியில் இருக்கிறது.

பிடியரிசி, கையில் காசு புழங்காத வீட்டுப் பெண்களின் காணிக்கை. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட்டு, சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். மிசோரம் சபைகளிலும் 1910 முதல் இதே வழக்கம் உண்டு. இப்படிச் சேர்ந்த சிறு தொகைகளின் வலிமையை நம் ஊர் வரலாறே காட்டுகிறது. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா முதலானோர் 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அயல்நாட்டுப் பணம் வேண்டாம், நம் சபைகளின் காணிக்கையே போதும் என்று தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். அசரியா 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார்.

கேள்வி: அறுப்பின் பண்டிகையில் ஏலம் விடுவது எதற்கு? (முதலூர் வாசகர்)

பதில்: முதற்பலனைக் கூடையில் வைத்துக் கொண்டுவரும்படி உபாகமம் 26-ஆம் அதிகாரம் சொல்கிறது. இன்றைய வடிவில் ஆலயப் பண்டிகையாக இதைப் பரப்பியவர், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் மார்வென்ஸ்டோ ஊர்க் குருவாக இருந்த ராபர்ட் ஹாக்கர், ஆண்டு 1843. மிஷனரிகள் வழியாக அது இங்கே வந்தபோது, வாழைத்தார், முருங்கைக்காய், கருப்புக்கட்டி, கோழி, முட்டை என்று ஊர் விளைச்சல் எல்லாம் பீடத்தின்முன் குவிந்தது. வாடிப்போகும் பொருளைப் பணமாக்க ஏலம் தேவைப்பட்டது. ஏலம் எடுத்தவரே அதைத் திரும்பக் காணிக்கையாக வைக்க, ஒரே முட்டை பல கை மாறும். வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் இந்த நாளுக்கென்று ஊர் திரும்புவதால், குடும்பங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் நாளாகவும் ஆகிவிட்டது.

கேள்வி: அசனத்தில் எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிடுகிறோம். அது தொடக்கம் முதலே அப்படித்தானா? (இடையன்குடி வாசகர்)

பதில்: இல்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆதிச் சபையில் அன்பின் விருந்து என்ற பொது உணவு இருந்தது. அங்கேயே பிரிவினை வந்ததால்தான், ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறித்திருக்கிறான் என்று கொரிந்து சபையைப் பவுல் கண்டித்தார். தமிழ்நாட்டில் பிரிவினை சாதியின் உருவில் வந்தது. தஞ்சாவூர், வேப்பேரி போன்ற பழைய சபைகளில் சாதிவாரியாக உட்கார்ந்தார்கள். நற்கருணைப் பாத்திரத்தைத் தொடுவதிலும் முறை பார்த்தார்கள். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமை சபையை விட்டு முற்றாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். அதை ஏற்காமல் பலர் வெளியேறினார்கள். கீர்த்தனை தந்த சாஸ்திரியாரே சாதி வழக்கத்தை விட மறுத்தவர்களின் பக்கம் நின்றார்.

ஆகவே, ஊரார் கொடுத்த ஆடும் அரிசியும் காய்கறியும் ஒரே அடுப்பில் வெந்து, ஒரே பந்தியில் பரிமாறப்படும் அசனம், போராடிப் பெற்ற ஒன்று. அடுத்த மதத்து அயலாரையும் அழைத்துச் சாப்பாடு போடுகிற சபைகள் அதன் பொருளை உணர்ந்தவை. கல்லறைத் தோட்டத்திலும் திருமணப் பேச்சிலும் சபைத் தேர்தலிலும் சாதி பார்த்துவிட்டு, அசனத்தில் மட்டும் சேர்ந்து உட்காருவது முழுமை ஆகாது.

கேள்வி: நற்கருணைக்கு முன் ஒருவர் கையை ஒருவர் பற்றிச் சமாதானம் சொல்கிறோம். இது ஆங்கிலேயர் வழக்கமா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய வழக்கம். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் உருவானது. அதற்கெனப் புதிய வழிபாட்டு முறை எழுதியவர்கள், தோமா வழிச் சபைகளில் கை மாற்றிக் கை மாற்றிச் சமாதானம் கடத்தப்படுவதைக் கண்டு அதைச் சேர்த்துக்கொண்டார்கள். 1950 முதல் அது நம் ஆராதனையில் இருக்கிறது. மேற்கத்திய சபைகள் பல தங்கள் வழிபாட்டைத் திருத்தியபோது, இந்தத் தென்னிந்திய முறையைப் பார்த்துக் கற்றுக்கொண்டன.

கேள்வி: இப்போது அலைபேசியிலேயே நல்ல பிரசங்கமும் பாட்டும் கேட்கலாம். வாராவாரம் கோயிலுக்குப் போக வேண்டுமா என்று என் மகன் கேட்கிறான். என்ன சொல்ல? (திருச்செந்தூர் வாசகி)

பதில்: மேலே உள்ள பதில்களை அவனை வாசிக்கச் சொல்லுங்கள். விடியுமுன் கூடியது அடிமைகளுக்காக. காணிக்கை எடுத்தது விதவைகளுக்காக. ஓய்வுநாள் பள்ளி தொடங்கியது கூலி வேலை செய்த குழந்தைகளுக்காக. பிடியரிசி சேர்த்தவர்கள் கையில் காசில்லாத பெண்கள். நாடு வேறு, நூற்றாண்டு வேறு. ஆனாலும் வாராந்திர ஆராதனையோடு ஒட்டிக்கொண்ட ஒவ்வொரு பழக்கமும், யாரோ ஒருவருடைய தேவையைக் கண்டவர்கள் தொடங்கியது. பிரசங்கத்தை அலைபேசியில் கேட்டுவிடலாம். மூன்றாவது வரிசையில் வழக்கமாக உட்காரும் பாட்டி இந்த வாரம் வரவில்லை என்பதை அலைபேசி சொல்லாது.

வர முடியாதவர்களின் பங்கை வீட்டுக்குக் கொண்டுபோவது நம்மிடம் இருக்கும் மிகப் பழைய ஞாயிறு வழக்கங்களில் ஒன்று. பல சபைகளில் அது குருவானவர் மட்டும் செய்யும் வேலையாகச் சுருங்கிவிட்டது. இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், உங்கள் மகனையும் கூட்டிக்கொண்டு, வராத ஒருவர் வீட்டுக்குப் போய் வாருங்கள்.