தூரத்தில் வாங்கும் பழம்பொருள் உடையாமல் வந்து சேர

நம் கடைக்கு வரும் சரக்கில் உடைசல் என்பது புதிதல்ல. ஊறுகாய் பாட்டில், தேன் பாட்டில், கண்ணாடி டம்ளர் என்று பெட்டிக்கு ஒன்றிரண்டு உடைந்து வந்தால் ஏஜெண்டிடம் காட்டி மாற்றிக்கொள்கிறோம், அல்லது பில்லில் கழித்துக்கொள்கிறோம். பழம்பொருளில் அந்த வழி கிடையாது. உடைந்த ஜாடிக்குப் பதிலாக அதே போன்ற இன்னொரு ஜாடியை எந்தக் கம்பெனியும் அனுப்பப் போவதில்லை.

மளிகைக் கடைக்காரருக்குப் பழம்பொருள் எதற்கு என்று சிலர் கேட்கலாம். கடை முகப்பில் வைக்க பழைய பீங்கான் ஜாடி, மிட்டாய்க் குடுவை, சுவர்க் கடிகாரம் ஆகியவற்றை வாங்கும் வணிகர்கள் நம்மில் பலர் உண்டு. உபதொழிலாக வாங்கி விற்பவர்களும் உண்டு. இவர்களில் பெரும்பாலோர் தேடிப் போகும் இடம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு. செட்டிநாட்டு நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் தொழில் செய்து கட்டிய பெரிய வீடுகளுக்கு பெல்ஜியம் கண்ணாடிகள், ஐரோப்பிய விளக்குகள், ஸ்வீடன் எனாமல் பாத்திரங்கள் என்று கப்பல் கப்பலாகச் சாமான்கள் வந்தன. காலம் மாறி, வீடுகள் பாகம் பிரிந்தபோது அந்தச் சாமான்களில் பல கடைத்தெருவுக்கு வந்தன. முன்பு நேரில் போய்ப் பார்த்து, கையோடு எடுத்து வந்தோம். இப்போது வாட்ஸ்அப்பில் போட்டோ பார்த்து, பணம் அனுப்பி, லாரியில் வரவழைக்கிறோம். ஆகவே பேக்கிங்கைப் பற்றி நாம் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

உடைசல் யார் கணக்கில்?

முதலில் இந்தக் கேள்விக்கு விடை காண்போம். "பொருள் என் கைக்கு வரும் வரை விற்றவர்தானே பொறுப்பு" என்று பலர் நினைக்கிறார்கள். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, விற்றவர் சரக்கை லாரி ஆபீசில் ஒப்படைத்தாலே வாங்கியவரிடம் ஒப்படைத்ததாகத்தான் பொதுவாகக் கொள்ளப்படும். அதன் பிறகு வழியில் உடைந்தால் நஷ்டம் நம்முடையது. விற்றவர் நியாயமான முறையில் புக்கிங் செய்யாமல் விட்டிருந்தால் மட்டுமே நாம் மறுத்துப் பேச இடம் உண்டு.

சரி, லாரிக்காரர் கொடுப்பாரா? 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் 2011ஆம் ஆண்டு விதிகளும் லாரி கம்பெனியின் பொறுப்புக்கு ஓர் எல்லை வைத்திருக்கின்றன. கூடுதல் பொறுப்புக் கட்டணம் கட்ட ஒப்புக்கொண்டு புக்கிங் செய்யாவிட்டால், வாடகையைப் போல் பத்து மடங்குதான் அந்த எல்லை. எழுதிக் கொடுத்த சரக்கு மதிப்பு அதைவிடக் குறைவானால் அந்த மதிப்புதான். வாடகை 450 ரூபாய் என்றால், 18,000 ரூபாய் பொருளுக்கு அதிகபட்சம் 4,500 ரூபாய்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு வணிகருக்கு இப்படித்தான் நடந்தது. ஜோடிக் கண்ணாடி விளக்குகள் 18,000 ரூபாய்க்கு வாங்கினார். இரண்டையும் செய்தித்தாளில் சுற்றி ஒரே பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தார்கள். பெட்டியின் மேல் ஒரு கீறல் கூட இல்லை. உள்ளே இரண்டு விளக்குகளும் ஒன்றோடொன்று மோதி நொறுங்கிக் கிடந்தன. "பெட்டி நன்றாகத்தானே இருக்கிறது" என்றார்கள் லாரி ஆபீசில். "நான் முழுசாகத்தானே கொடுத்தேன்" என்றார் விற்றவர். பணமும் போயிற்று, பத்து வருடக் கொடுக்கல் வாங்கலும் அறுந்து போயிற்று. பேக்கிங்கைப் பற்றி முன்கூட்டியே ஒரு வார்த்தை பேசாததால் வந்த வினை இது.

விலையோடு பேக்கிங்கையும் பேசுக

ஆகவே பேக்கிங் கூலியைத் தனிச் செலவாகப் பார்க்காமல் கொள்முதல் விலையின் பகுதியாகக் கருத வேண்டும். பணம் அனுப்பும் முன் நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும்.

1. எந்த முறையில் கட்டுவார், அதற்குக் கூலி எவ்வளவு.
2. பேக்கிங் கோளாறால் உடைந்தால் நஷ்டம் யாருடையது.
3. பொருளில் ஏற்கெனவே உள்ள விரிசல், சில்லு, கீறல் தெரியும்படி போட்டோ.
4. பெட்டியை மூடும் முன், உள்ளே அடுக்கியிருக்கும் விதத்துக்கு ஒரு போட்டோ அல்லது வீடியோ.

பேக்கிங்குக்கு 500 ரூபாய் கூடக் கேட்டால் பேரம் பேசிக் குறைக்க வேண்டாம். குறைத்த பணத்துக்கு ஏற்றபடிதான் பெட்டியும் இருக்கும்.

கட்டும் முறை

அடிப்படை விதி ஒன்றுதான். பொருள் பொருளைத் தொடக் கூடாது, பெட்டியையும் தொடக் கூடாது, உள்ளே அசையவும் கூடாது.

பொருளின் மேல் முதல் சுற்று வெள்ளைத் தாளாக இருக்கட்டும். செய்தித்தாளின் மை வெள்ளைப் பீங்கானில் ஒட்டும். பாலிஷ் போட்ட மரத்தின் மேல் பப்பிள் கவரை நேரடியாகச் சுற்றினால் வெயில் சூட்டில் புள்ளி புள்ளியாகத் தடம் விழும். தாளோ பருத்தித் துணியோ சுற்றி, அதற்கு மேல் பப்பிள் கவர் சுற்ற வேண்டும்.

பிறகு உள்பெட்டி, அதற்கு வெளியே இன்னொரு பெட்டி. இரண்டுக்கும் நடுவில் ஆறு பக்கமும் 2 அங்குலத்துக்குக் குறையாமல் கசக்கிய தாளோ மெத்தென்ற பொருளோ அடைக்க வேண்டும். தெர்மாகோல் உருண்டைகளை மட்டும் நம்பக் கூடாது. லாரி ஆட்டத்தில் கனமான பொருள் அவற்றுக்குள் இறங்கி அடியைத் தொட்டுவிடும். வைக்கோல் நம் பழைய வழக்கம்தான். ஈரம் இருந்தால் அதுவே பூசணத்தையும் பூச்சியையும் கொண்டுவரும். கண்ணாடிக்கும் மரத்துக்கும் அதைத் தவிர்ப்பது நல்லது.

பெட்டியை மூடியபின் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே சத்தம் வந்தால் மறுபடி பிரித்துக் கட்ட வேண்டும். இன்னொரு சோதனையும் உண்டு. கடையில் உள்ள காலி ஊறுகாய் பாட்டிலை அதே முறையில் கட்டி, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டுப் பாருங்கள். பாட்டில் பிழைத்தால் அந்தக் கட்டை ஓரளவு நம்பலாம்.

எடையையும் கவனிக்க வேண்டும். ஒரு சிப்பம் 20 கிலோவுக்குள் இருந்தால் ஓர் ஆள் தூக்கி இறக்கி வைப்பார். அதைவிடக் கனமானால் உருட்டுவார்கள். மிகச் சிறிதாக இருந்தாலோ எறிவார்கள்.

பொருளுக்கு ஏற்ற பக்குவம்

பீங்கான் ஜாடி: மூடியைத் தனியாகச் சுற்ற வேண்டும், ஜாடியின் வாயில் வைத்து அனுப்பக் கூடாது. உள்ளே தாளைத் தளர்வாக நிரப்புக, இறுக்கித் திணிக்க வேண்டாம். கைப்பிடியைச் சுற்றியுள்ள பள்ளத்தை முதலில் நிரப்பிச் சமமாக்கி, பிறகு முழுவதையும் சுற்றுக.

பீங்கான் தட்டு: படுக்கவைத்து ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் அடித்தட்டு எல்லாப் பாரத்தையும் தாங்கி உடையும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி, நிமிர்த்தி, விளிம்பு கீழே இருக்கும்படி அடுக்குக.

கண்ணாடியும் படமும்: நிலைக்கண்ணாடியைப் படுக்கவைத்து அனுப்பவே கூடாது. மரச்சட்டப் பெட்டியில் நிமிர்த்தி நிறுத்தி அனுப்புக. சட்டம் போட்ட காகிதப் படமானால் கண்ணாடியின் மேல் காகித டேப்பைப் பெருக்கல் குறி போல ஒட்டினால், உடைந்தாலும் சில்லு படத்தைக் கிழிக்காது. தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம் வேறு வகை. அதில் வண்ணம் கண்ணாடியின் பின்புறத்திலேயே தீட்டப்பட்டிருக்கும். கண்ணாடி போனால் படமும் போயிற்று. வண்ணம் உள்ள பக்கத்தில் டேப்போ பிளாஸ்டிக்கோ படவே கூடாது.

சுவர்க் கடிகாரம்: பெண்டுலத்தைக் கழற்றித் தனியாகச் சுற்றுக. மாட்டியபடியே அனுப்பினால் அது ஆடி, அதைத் தாங்கும் மெல்லிய தகட்டை முறித்துவிடும். சாவியை ஒரு கவரில் போட்டு உள்ளேயே வைக்கச் சொல்லுங்கள்.

எனாமல் பாத்திரம்: இரும்புதானே என்று அலட்சியம் வேண்டாம். ஓரத்தில் ஒரு தட்டு தட்டினாலும் மேல்பூச்சு சில்லாகத் தெறிக்கும். பிறகு அந்த இடத்தில் துரு ஏறும்.

லாரி ஆபீசில்

எத்தனை இடத்தில் ஏற்றி இறக்குகிறார்கள் என்று கேளுங்கள். சரக்கு ஓடும்போது உடைவதைவிட ஏற்றி இறக்கும்போது உடைவதே அதிகம். நேர் லாரிக்கு வாடகை கொஞ்சம் கூடினாலும் அதுவே லாபம். ரசீதில் "பழைய சாமான்" என்று மொட்டையாக எழுதாமல், "கண்ணாடி, உடையும் பொருள்" என்றும் உண்மையான மதிப்பையும் எழுதச் சொல்லுங்கள். விலை உயர்ந்த பொருளுக்குக் கூடுதல் பொறுப்புக் கட்டணம் கட்டுவதே புத்திசாலித்தனம். டிரான்சிட் இன்சூரன்ஸ் எடுத்தாலும் ஒன்றை மறக்க வேண்டாம். பேக்கிங் போதுமானதாக இல்லாததால் வந்த சேதத்துக்குப் பாலிசிகள் பொதுவாகப் பணம் தருவதில்லை. சுற்றிச் சுற்றி விஷயம் பேக்கிங்கிலேயே வந்து நிற்கிறது. வெளி மாநிலத்திலிருந்து வரும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் தேவை என்பதையும் நினைவில் கொள்க.

வந்து இறங்கியதும்

பெட்டி நசுங்கியோ நனைந்தோ இருந்தால் கையெழுத்துப் போடும் முன் டெலிவரி புத்தகத்தில் அதைக் குறித்து, ஆபீஸ் ஆள் முன்னிலையில் பிரிக்கச் சொல்லிக் கேளுங்கள். நன்றாகத் தெரியும் பெட்டியையும் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். உடைந்திருந்தால் தாளையும் அட்டையையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள், அவைதான் சாட்சி. விற்றவருக்கு அன்றே தெரிவியுங்கள். லாரி கம்பெனிக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க, புக்கிங் தேதியிலிருந்து 180 நாள் கெடு. அது தாண்டினால் வழக்குப் போட முடியாது.

நூறு வருடப் பொருள்

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் 1976 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. சரித்திர மதிப்புள்ள, நூறு வருடத்துக்குக் குறையாத பொருள்கள் இதில் அடங்கும். அவற்றை வாங்கி விற்கும் தொழிலுக்கு லைசென்ஸ் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. சிலை, கோவில் சம்பந்தப்பட்ட பொருள் என்றால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடவே வேண்டாம். உபதொழிலாகச் செய்பவர்கள் பொருள் வந்த வழிக்கான பில்லை அவசியம் கேட்டு வாங்கி வையுங்கள்.

வணிக நண்பர்களே! மூன்று தலைமுறை ஒரு வீட்டில் முழுசாக இருந்த பொருள், ஒரே இரவில் லாரியில் உடைந்து போனால் அதை வாங்கியவருக்கு மட்டுமல்ல நஷ்டம். அடுத்த முறை போட்டோ வந்ததும் விலையைக் கேட்கும் முன், "எப்படிக் கட்டி அனுப்புவீர்கள்?" என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் பஸ் ஏறிப் போய் நேரில் வாங்கி வாருங்கள், அல்லது அந்தப் பொருளை விட்டுவிடுங்கள்.