தீவுப் பத்திரிகைக்குக் காசு கொடுப்பவர்கள் கவனத்துக்கு

சாலமன் தீவுகளின் மொத்த மக்கள்தொகையே ஏழெட்டு லட்சம்தான். அதுவும் நூற்றுக்கணக்கான தீவுகளில் சிதறிக் கிடக்கிறது. விளம்பரம் தரும் பெரிய கை பெரும்பாலும் அரசாங்கம்தான். இப்படிப்பட்ட பசிபிக் நாடுகளில் ஆஸ்திரேலியாவோ சீனாவோ அமெரிக்காவோ உதவித் தொகையோடு வந்து நின்றால், வேண்டாம் என்று சொல்ல எந்தப் பத்திரிகைக்கும் மனம் வராது. ஆகவே கவனமாக இருக்க வேண்டியவர் முதலில் கொடுப்பவர்.

செய்யக்கூடாதவை

● செய்திக்கு விலை பேசாதீர்கள். சாலமன் தீவுகளின் தலைநகர் ஹோனியாராவின் 'சாலமன் ஸ்டார்' நாளிதழ் 2022இல் அச்சு இயந்திரத்துக்கும் வானொலிக் கோபுரத்துக்கும் சீனத் தூதரகத்திடம் நிதி கேட்டது. பழைய இயந்திரம் மக்கர் செய்து பேப்பர் தாமதமாகப் போய்க்கொண்டிருந்தது, கஷ்டம் நிஜம். ஆனால் சீனாவின் தாராள மனதைப் பற்றிய 'உண்மையை' எடுத்துச் சொல்வோம் என்ற உறுதியும் அந்த விண்ணப்பத்தில் இருந்தது. கிடைத்தது ஏறக்குறைய 1.4 லட்சம் அமெரிக்க டாலர். மறு ஆண்டு புலனாய்வுச் செய்தியாளர்கள் இதை வெளிக்கொண்டுவந்தார்கள். எங்களிடம் எந்தச் சார்பும் இல்லை என்றது பத்திரிகை. இருக்கலாம். அப்படி எழுதிக் கொடுத்தபின் வாசகர் எதை வைத்து நம்புவது?

● உங்களுக்கு வலிக்கும் இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்ளாதீர்கள். 2014இல் நவ்ரு, வெளிநாட்டுச் செய்தியாளர் விசாவுக்கான கட்டணத்தை 200 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 8,000 ஆக்கியது. விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பாது. அந்தத் தீவில்தான் ஆஸ்திரேலியாவின் செலவில் அகதிகள் முகாம் நடந்தது. பக்கத்துத் தீவில் பத்திரிகைச் சுதந்திரத்துக்கு நிதி கொடுத்துக்கொண்டு இங்கே கண்டுகொள்ளாமல் இருந்தால் உங்கள் பேச்சு எடுபடாது.

● திடீரென்று கையை எடுக்காதீர்கள். ஆண்டுக்கு 19 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் மிச்சமாகும் என்று 2017 ஜனவரி 31இல் ரேடியோ ஆஸ்திரேலியாவின் சிற்றலை ஒலிபரப்பு நிறுத்தப்பட்டது. காலியான அலைவரிசைகள் சிலவற்றில் பிறகு ஒலித்தது சீன வானொலி. 2025இல் அமெரிக்க நிதி நின்றதும், பசிபிக் செய்திகளையும் தந்துகொண்டிருந்த 'பெனார் நியூஸ்' மூடப்பட்டது.

● ஐந்து பேர் வேலை பார்க்கும் அலுவலகத்திலிருந்து இரண்டு பேரை ஒரு வாரம் ஓட்டல் பயிற்சிக்கு இழுக்காதீர்கள். சான்றிதழ் வரும், பேப்பர் வராது.

செய்ய வேண்டியவை

● போட்டோவுக்கு அழகில்லாத செலவுகளை ஏற்றுக்கொள்ளுங்கள்: சம்பளம், ஜெனரேட்டருக்கு டீசல், காகித ரீல், உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் டிரான்ஸ்மிட்டருக்கு உதிரி பாகம். முக்கியமாகப் படகுக் கூலி. வெளித்தீவு ஒன்றில் மரம் வெட்டும் கம்பெனி என்ன செய்கிறது என்று பார்க்க நிருபர் அங்கே போயாக வேண்டும். போய்வரக் காசில்லாவிட்டால் கம்பெனியின் அறிக்கைதான் செய்தியாகும்.

● வானொலியைக் கைவிடாதீர்கள். 2022 ஜனவரி 15 எரிமலை வெடிப்பில் டோங்காவின் கடலடி கேபிள் அறுந்து இணையம் முடங்கியது, அதைச் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆனது. வலைத்தளத்துக்கு மட்டும் நிதி கொடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

● ஒப்பந்தத்தைத் தொகையோடும் நிபந்தனைகளோடும் வெளியிடுங்கள். வெளியிடக் கூசும் நிபந்தனையை எழுதவே வேண்டாம்.

● கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். 2022 மே மாதம் சீன வெளியுறவு அமைச்சர் வாங் யி ஹோனியாரா வந்தபோது கேள்விகளுக்குக் கடும் கட்டுப்பாடு. உள்ளூர்ச் செய்தியாளர் சங்கம் அவருடைய பத்திரிகையாளர் சந்திப்பைப் புறக்கணிக்கச் சொன்னது. கேமரா வாங்கித் தரும் எந்த நாட்டின் அமைச்சரானாலும் அந்தக் கேமரா முன் நின்று பதில் சொல்லட்டும்.

● சட்டத்தையும் கவனியுங்கள். ஃபிஜியில் 2010இல் வந்த ஊடக ஆணை 2023 ஏப்ரலில்தான் ரத்தானது. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை பயிற்சி கொடுத்தாலும், அபராதத்துக்கும் சிறைக்கும் பயந்த ஆசிரியர் செய்தியை மேசையிலேயே வைத்துவிடுவார்.

வாங்குகிற ஆசிரியர்களுக்கு: ஒரே கையிடம் எல்லாவற்றையும் வாங்காதீர்கள். பணம் வந்த செய்தியை உங்கள் பேப்பரிலேயே, நீங்களே முதலில் போட்டுவிடுங்கள்.