ரோம் மாநாடும் ஒரு பெயரும்

வெளிநாட்டு மாநாட்டிற்கு அழைப்பு வந்துவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நாங்களும் எண்ணியிருந்தோம். சென்ற ஆண்டு ரோமில் நடந்த ஆசிரியர் மாநாட்டிற்கு எங்கள் புவியியல் சிஸ்டர் அழைக்கப்பட்டபோதுதான் உண்மை விளங்கிற்று.

அழைப்பு வேறு, விசா வேறு. அழைப்பவர்கள் மாநாடு நடத்துவோர்; அனுமதிப்பது அந்நாட்டு அரசு. இத்தாலி உட்பட 29 ஐரோப்பிய நாடுகளுக்கு ‘ஷெங்கன்’ விசா என ஒரே விசா உண்டு. 1985-ல் உடன்படிக்கை கையெழுத்தான லக்ஸம்பர்க் நாட்டுச் சிற்றூரின் பெயர் அது. (வத்திக்கானுக்கு விமான நிலையம் இல்லை. ஆகவே திருத்தந்தையைக் காணச் செல்வோரும் இத்தாலிக்குள் நுழைந்தே ஆக வேண்டும்!)

பயணத்திற்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது கொடுத்துவிட வேண்டும். ஐரோப்பாவை விட்டுப் புறப்படும் நாளுக்குப் பின்னும் பாஸ்போர்ட் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். அதில் 2 பக்கங்கள் வெறுமையாக இருக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம். எங்கே தங்குவீர்கள், செலவை யார் ஏற்பார், ஊர் திரும்புவீர்கள் என்பதற்கு என்ன சான்று என்றெல்லாம் கேட்கிறார்கள். சிஸ்டருக்கோ சொந்த வங்கிக் கணக்கு கிடையாது. சபைத் தலைவியின் கடிதம், சபையின் கணக்கு விவரம், பள்ளியின் விடுப்புக் கடிதம் மூன்றும் இணைக்கப்பட்டன.

எல்லாம் சரியென்று எண்ணியபோதுதான் சிக்கல் வந்தது. அழைப்புக் கடிதத்தில் இருந்தது சிஸ்டரின் துறவறப் பெயர். பாஸ்போர்ட்டிலோ பள்ளிச் சான்றிதழில் உள்ளபடி இயற்பெயரும் தந்தையின் பெயரும்! நமக்கு இருவரும் ஒருவரே, தாள்களுக்கு அப்படியல்லவே. புதிய கடிதம் கேட்டு ரோமுக்கு எழுதினார்கள். பதில் வரப் பதினொரு நாட்களாயின. “வந்துவிட்டதா சிஸ்டர்?” என்று தினமும் மதிய இடைவேளையில் அவரை நச்சரித்தோம். “பாடத்தைப் படியுங்கள்” என்பார். ஆனால் அவர் முகமும் வாடித்தான் இருந்தது. புறப்பட நான்கு நாட்களே இருக்கையில் விசா கிடைத்தது! விமானச் சீட்டையும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரிலேயே எடுத்தார்கள்.

திரும்பி வந்த சிஸ்டர், பாஸ்போர்ட்டில் ‘இனிஷியல்’ மட்டும் போட இயலாது, விரித்தே எழுத வேண்டும் என்று சொல்லித் தந்தார். இவ்வாண்டு அரசுத் தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் கையெழுத்திற்கு வந்தது. சான்றிதழில் அச்சாகப் போகும் பெயர் அதுதான் என்பதால், பிறப்புச் சான்றிதழை அருகில் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தோம். எங்களில் ஐவருக்கு இரண்டும் ஒத்துவரவில்லை. ஒருத்திக்கு ‘மேரி’யே விடுபட்டிருந்தது! ஐவரின் பெற்றோரும் வந்து திருத்திக் கையெழுத்திட்ட பிறகே பட்டியல் பள்ளியை விட்டுச் சென்றது.