பனோரமா ஏன் அலை அடிக்குது? நேராக்குவது எப்படி?

ஃபேர்வெல் அன்னைக்கு டிபார்ட்மென்ட் முற்றத்து நடுவுல நின்னு, ஒரு சுத்து சுத்தி எடுத்த போட்டோக்களை ஒட்டிப் பாக்கறீங்க. ஒட்டு எங்கேயும் தெரியல. ஆனா தரை மட்டும் பாம்பு மாதிரி நெளியுது. திரும்ப எடுக்கலாம்னா அந்த பேட்ச் ஊருக்குப் போயாச்சு. கவலை வேண்டாம், இருக்கிற போட்டோவிலேயே சரி பண்ணலாம்.

ஒட்டுகிற மென்பொருளுக்கு ஒரு போட்டோவுக்குப் பக்கத்து போட்டோ எந்தக் கோணத்தில் இருக்குன்னுதான் தெரியும். வானம் எந்தப் பக்கம்னு அதுக்குத் தெரியாது. மொத்த கோளமும் 5 டிகிரி சாய்ஞ்சிருந்தா, 8000 பிக்சல் அகலமுள்ள 360 டிகிரி படத்தில் தொடுவானம் 111 பிக்சல் மேலே ஏறி, அதே அளவு கீழே இறங்கும். இதை ரொடேட் பண்ணி நேராக்க முடியாது. க்ராப் பண்ணினா கடைசி வரிசை நண்பர்களோட தலை போயிடும்.

ஹுகின்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. அதில் சாதாரண கன்ட்ரோல் பாயின்ட்னா, ஒரே இடத்தை இரண்டு போட்டோவில் குறிக்கிறது. நமக்கு வேண்டியது செங்குத்துக் கோடு வகை. இடது, வலது இரண்டு பக்கமும் ஒரே போட்டோவைத் திறங்க. ஒரு கட்டட மூலையின் உச்சியை ஒரு பக்கமும், அடியை மறுபக்கமும் குறிங்க. இந்த இரண்டும் ஒரே தூக்குக்குண்டு நூலில் இருக்கணும்னு அதுக்குச் சொல்லியாச்சு. புள்ளிகளுக்கு நடுவே தூரம் அதிகமா இருக்கட்டும். 100 பிக்சல் நீளக் கோட்டில் 1 பிக்சல் தவறினா அரை டிகிரிக்கு மேல் பிழை; 1000 பிக்சல்னா அதில் பத்தில் ஒரு பங்குதான்.

எத்தனை கோடு வேணும்? குறைஞ்சது இரண்டு. ஆனா எந்த இரண்டுங்கிறதுதான் முக்கியம். ஒரு கதவு நிலையை நேருக்கு நேரா பாத்து நில்லுங்க. தலையைக் குனிஞ்சாலும் நிமிர்ந்தாலும் நிலை சாயாது; தோள் பக்கம் சாய்ச்சாத்தான் சாயும். அதாவது எதிரே இருக்கிற கோடு ரோலை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். பிட்ச்சைப் பிடிக்க 90 டிகிரி தள்ளி, பக்கவாட்டில் இருக்கிற கோடு வேணும். நேர் பின்னால் இருக்கிற கோடு முதல் கோடு சொன்னதையே திரும்பச் சொல்லும், பிரயோஜனமில்லை.

ஜன்னல் சட்டம், தூண், கட்டட மூலை இதெல்லாம் நல்லது. கரண்ட் கம்பத்தை நம்பாதீங்க, பாதி கம்பம் சாய்ஞ்சுதான் நிக்கும். கோபுரத்தின் விளிம்பும் கூடாது, மேலே போகப்போக குறுகும். மொட்டைமாடி கைப்பிடிச் சுவரைக் கிடைமட்டக் கோடாக வைக்க ஆசை வரும். கண் மட்டத்தில் இல்லாத கிடைக்கோடு இந்தப் படத்தில் வளையத்தான் செய்யும், அதனால் வேண்டாம். கடலின் தொடுவானம்னா தாராளமா வைக்கலாம்.

அடுத்தது ஆப்டிமைஸ். பலர் திணறுவது இங்கேதான். ஆங்கர் போட்டோவின் பிட்ச், ரோல் பூட்டியே இருந்தா நீங்க வைத்த கோடுகளால் எதையும் அசைக்க முடியாது. அதன் யா மட்டும் பூட்டியிருக்கட்டும். அதன் பிட்ச்சும் ரோலும், மற்ற எல்லா போட்டோக்களின் மூன்றும் திறந்திருக்கணும். ஓட்டிட்டு கன்ட்ரோல் பாயின்ட் பட்டியலைப் பாருங்க. ஒரே ஒரு கோட்டுக்கு மட்டும் பிழை எக்கச்சக்கமா இருந்தா, முதலில் புள்ளிகளைச் சரி பாருங்க. அவை சரின்னா அந்தச் சுவரே கோணல். அந்தக் கோட்டைத் தூக்கிட்டு, வேறொன்று வைத்து மறுபடி ஓட்டுங்க. க்ராப் எல்லாம் அதுக்கப்புறம்.