ஒரு கம்பி, இரு பணிகள்

(உரைநடை)

சித்தூரில் பணியாற்றிய ஒருவர் தம் குடும்பத்துடன் திருப்பதிக்கு மாற்றலாகி வந்தார். இடைத்தொலைவு ஏறத்தாழ 70 கிலோமீட்டர்தான். எனினும் வீட்டுத் தொலைபேசி எண் முற்றிலும் மாறிற்று. சித்தூரின் தொலைபேசிக் குறியீடு 08572. திருப்பதியின் குறியீடு 0877. புதிய எண்ணை முதலில் குறித்துக்கொண்டவர் வேலூரில் தனியாக வாழும் பாட்டி. நாள்தோறும் மாலை ஏழு மணிக்கு அவர் அழைப்பார். அன்று தமிழ் வகுப்பில் படித்ததைப் பேத்தி அவருக்கு வாசித்துக் காட்டுவாள்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. வகுப்புகள் இணையவழி நடைபெறத் தொடங்கின. தந்தை ஒரு ரூட்டர் வாங்கிவந்து, சுவரில் இருந்த தொலைபேசிப் பெட்டியில் இணைத்தார். ஒரே பெட்டியில் தொலைபேசியையும் ரூட்டரையும் சேர்ப்பதற்கு, இரு துளைகள் கொண்ட ஓர் எளிய இணைப்பியைப் பயன்படுத்தினார். இணையம் வந்தது, ஆனால் தொலைபேசியில் ஓயாத இரைச்சல் கேட்டது. பாட்டி அழைத்து மணி ஒலித்தபோதெல்லாம் இணையம் அறுந்தது. மகளால் வீட்டுப்பாடத்தை அனுப்ப இயலவில்லை.

“இனித் தொலைபேசியைக் கழற்றி வைத்துவிடலாம்” என்றார் தந்தை.

“அப்பா, பாட்டி அழைத்தால் யார் எடுப்பது?” என்று மகள் கேட்டாள். பின்னர் ரூட்டர் வந்த அட்டைப்பெட்டியைத் துழாவினாள். பிரிக்கப்படாத உறையில் ஒரு சிறு வெண்ணிறப் பெட்டி கிடந்தது. அதில் மூன்று துளைகள் இருந்தன. அதுவே பிரிப்பான்.

கம்பி வந்த வரலாறு

1882ஆம் ஆண்டு சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டன. அக்காலத்தில் சித்தூர், சென்னை மாகாணத்தின் வடஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. குரலைக் கொண்டுசெல்வதற்காகவே செப்புக் கம்பிகள் வீடுகள்தோறும் இழுக்கப்பட்டன. 2005ஆம் ஆண்டு பி.எஸ்.என்.எல். நிறுவனம் அதே கம்பிகளின் வழியாக அகலக்கற்றை இணையச் சேவையைத் தொடங்கியது. புதிய கம்பி இழுக்காமலேயே இணையம் வீட்டிற்குள் வந்தது.

இரண்டும் கலவாதிருப்பது எவ்வாறு?

திருப்பதியில் வாழும் தமிழ்க் குழந்தை கடைத்தெருவில் தெலுங்கும் வீட்டில் தமிழும் பேசுகிறது. நா ஒன்றே; மொழிகள் இரண்டு. அதுபோல, ஒரே கம்பியில் குரலும் தரவும் வெவ்வேறு அதிர்வெண்களில் செல்கின்றன. குரல் 4 கிலோஹெர்ட்சுக்குக் கீழே செல்கிறது. தரவு ஏறத்தாழ 25 கிலோஹெர்ட்சுக்கு மேல் தொடங்கி, தொழில்நுட்பத்திற்கேற்ப 1,100 அல்லது 2,200 கிலோஹெர்ட்ஸ் வரை செல்கிறது. பிரிப்பான், உயர் அதிர்வெண் தொலைபேசிக்குள் நுழையாதவாறு தடுக்கிறது. அது இல்லாவிடில் தரவு இரைச்சலாகக் கேட்கும். மணி ஒலிக்கும்போது இணையமும் தடைப்படும். அவ்வீட்டில் நேர்ந்தது இதுவே.

இணைக்கும் முறை

1. சுவர்ப் பெட்டியிலிருந்து வரும் கம்பியைப் பிரிப்பானில் ‘லைன்’ என்று எழுதப்பட்ட துளையில் செருக வேண்டும்.
2. ‘ஃபோன்’ துளையிலிருந்து தொலைபேசிக்கும், ‘மோடம்’ துளையிலிருந்து ரூட்டரின் ‘டி.எஸ்.எல்.’ துளைக்கும் கம்பி செல்ல வேண்டும்.
3. ரூட்டரில் ‘லேன்’ என்னும் அகன்ற துளைகளும் உண்டு. அவை கணினிக்கு உரியவை. தொலைபேசிக் கம்பியின் குறுகிய முனை அவற்றிலும் நுழைந்துவிடும்; ஆனால் இணையம் வராது.
4. ரூட்டருக்கு மின்சாரம் கொடுத்ததும் டி.எஸ்.எல். விளக்கு சிமிட்டும். பின்னர் அசையாமல் ஒளிர்ந்தால், தொலைபேசி நிலையத்துடன் தொடர்பு ஏற்பட்டது என அறியலாம்.
5. மற்றோர் அறையில் அதே இணைப்பில் வேறு தொலைபேசி இருந்தால், அதற்கும் தனி வடிப்பான் தேவை.

இடி மின்னல் வேளையில் தொலைபேசிக் கம்பியையும் மின்கம்பியையும் கழற்றி வைத்தல் நன்று.

இன்றைய நிலை

இன்று பல வீடுகளுக்கு ஒளியிழை வந்துவிட்டது. செப்புக் கம்பியில் தொலைவு கூடக்கூட இணைய வேகம் குறையும். ஒளியிழையில் அக்குறை மிகச் சிறிது. அங்கு இணைப்பு முறையும் தலைகீழாகிறது. முன்பு ரூட்டர் சுவர்ப் பெட்டியிலிருந்து இணைப்பைப் பெற்றது. இப்போது தொலைபேசி, ஒளியிழைக் கருவியிலிருந்து இணைப்பைப் பெறுகிறது. ஆகவே அக்கருவியைப் பழைய சுவர்ப் பெட்டியில் செருகலாகாது. வெளிக்கம்பியில் ஏறத்தாழ 48 வோல்ட் மின்னழுத்தம் இருக்கக்கூடும். அது கருவியைக் கெடுத்துவிடலாம்.

அன்று மாலை மகள் பிரிப்பானைப் பொருத்தினாள். ஏழு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. டி.எஸ்.எல். விளக்கு சிமிட்டாமல் ஒளிர்ந்தது. வீட்டுப்பாடம் பள்ளிக்குச் சென்றுகொண்டிருக்கையிலேயே அவள் பாட்டிக்குப் பாடம் வாசித்தாள். “இன்று உன் குரல் தெளிவாகக் கேட்கிறதம்மா” என்றார் பாட்டி.

சொற்பொருள்

அதிர்வெண் – ஒரு நொடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை
தரவு – செய்தி, படம் முதலியவற்றின் எண்வடிவம்
திசைவி – ரூட்டர்
ஒளியிழை – ஒளியால் செய்தி கடத்தும் மெல்லிய கண்ணாடி இழை

இலக்கணம் அறிக

செம்பு + கம்பி = செப்புக் கம்பி. மென்றொடர்க் குற்றியலுகரம் வன்றொடராக மாறியது. இவ்வாறே சேர்த்து எழுதுக: இரும்பு + பாதை.

பயிற்சி

1. தொலைபேசியில் இரைச்சல் கேட்டதற்குக் காரணம் யாது?
2. பிரிப்பானின் மூன்று துளைகளும் எவற்றுக்கு உரியவை?
3. தந்தை தொலைபேசியைக் கழற்ற எண்ணியபோது மகள் அதை ஏற்காதது ஏன்?
4. ‘நா ஒன்றே; மொழிகள் இரண்டு’ – இவ்வுவமையை உம் வாழ்க்கையோடு பொருத்தி ஐந்து வரிகள் எழுதுக.
5. உம் வீட்டிற்கு இணையம் வரும் வழியைப் பெரியவர் துணையுடன் கண்டறிந்து, படம் வரைந்து தமிழில் பெயரிடுக.